மெட்டு வந்தது, சொல் எங்கே?

ஆண்டவனிடம் நம்பிக்கையற்ற ஒருவர், ஆண்டவனைத் துதிக்கும் பாடல் நூலுக்கு இசையாசிரியரானார்! செல்வரின் காட்டில் இரவில் வேட்டையாடினான் என்பதற்காக விலங்கு பூட்டிக் கடல் கடத்தப்பட்ட ஏழையின் புலம்பல் ஒன்று உண்டு. அந்தப் புலம்பலின் மெட்டு, அந்நூலின் வாயிலாக ஆலயத்துக்குள் நுழைந்து அமர்ந்துவிட்டது. எழுந்து நின்று பக்தியோடு பாடுகின்ற சீமான்களும் சீமாட்டிகளும், தாங்கள் யாருடைய மெட்டைப் பாடுகிறோம் என்பதை அறிவரோ, அறியாரோ!

விந்தைதான். ஆனால் கட்டுக்கதை அன்று. நூல் வெளிவந்தது 1906-இல். நாடு இங்கிலாந்து. இசைவாணரின் பெயர் ரால்ஃப் வாகன் வில்லியம்ஸ். எழுதுவது ரால்ஃப் என்றாலும், ரேஃப் என்று ஒலிப்பதே அவர் வீட்டு வழக்கம். ஒன்பது சிம்பொனிகள் இயற்றிய பெரும்புலவர் அவர். அவற்றைப் பற்றி நாம் இங்குப் பேசப்போவதில்லை. மக்கள் கூடிப் பாடுவதற்கென அவர் தந்த குழுப்பாடல்களையும், மக்களிடமிருந்தே பெற்று அவர் இசையமைத்துத் தந்த நாட்டுப்பாடல்களையுமே ஆராயப் புகுந்தோம். ஏனெனில், யாருடைய பாட்டு, யாருக்குப் போய்ச் சேர்ந்தது, எந்த வடிவில் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

1872-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், கிளாஸ்டர்ஷயரில் டவுன் ஆம்ப்னி என்னும் சிற்றூரில், அவ்வூர்ப் பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். மூன்றாண்டு நிறையுமுன் தந்தை மறைந்தார். தாயார் வெட்ஜ்வுட் குடும்பத்தவர். பீங்கான் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய குடும்பம் அது. தாயின் தாய், சார்லஸ் டார்வினின் உடன்பிறந்தவர். ஆம், மனிதன் வந்த வழியை மறைநூலில் தேடாமல் மண்ணிலும் உயிர்களிலும் தேடிய அதே டார்வின்தான்! உயிர்களின் தோற்றம் பற்றிய அந்த நூலைக் குறித்துச் சிறுவன் தாயிடம் கேட்டானாம். உலகம் ஆறு நாளில் ஆயிற்று என்கிறது விவிலியம், இல்லை இன்னும் நெடுங்காலம் ஆயிற்று என்கிறார் உன் தாத்தா, எப்படியாயினும் உலகம் வியப்புக்குரியதே என்று விடை தந்தாராம் அந்த அம்மையார். மடமை என்றும் சொல்லாமல், மறைநூலுக்கு அஞ்சியும் ஓடாமல் தந்த விடை. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, கேம்பிரிட்ஜ் கல்லூரியில் பயில்கையில் கடவுள் மறுப்பாளராக விளங்கினார். பிற்காலத்தில், கடவுள் உண்டோ இல்லையோ அறியோம் என்னும் நிலையில் அமைதி கண்டார்.

குடும்பச் சொத்து இருந்தது. வயிற்றுப்பாட்டுக்காக எவர் வாயிலிலும் நிற்க வேண்டிய நிலை இல்லை. இதையும் குறித்து வைக்க வேண்டும். பாட்டுத் தேடி ஊர் ஊராகச் சென்றவருக்கும், பாட்டுத் தந்தவருக்கும் இடையே இருந்த தொலைவு சிறிதன்று.

அந்நாளில் ஆங்கில இசையின் நிலை என்ன? உலகையே கட்டியாண்ட நாடு, இசையில் ஜெர்மானியருக்கு அடங்கிக் கிடந்தது. கற்பது ஜெர்மன் முறை. போற்றுவது ஜெர்மன் மேதை. மேல்படிப்புக்குச் செல்வது ஜெர்மன் நகரம். ஜெர்மானிய எழுத்தாளர் ஒருவர் இங்கிலாந்தைப் பற்றித் தாம் எழுதிய நூலுக்கு ‘இசையற்ற நாடு’ என்றே பெயர் சூட்டினார்! வாகன் வில்லியம்சும் 1897-இல் பெர்லின் சென்று பயின்றவரே. ஆனால் அவருடைய ஆசான்களில் ஒருவரான பாரி, நெஞ்சில் நிற்கும் அறிவுரை ஒன்றைத் தந்திருந்தார்: ஆங்கிலேயனுக்கும் மக்களாட்சியில் பற்றுள்ளவனுக்கும் ஏற்றவாறு குழுப்பாடல் எழுது என்பது அது. இசைக்கும் மக்களாட்சிக்கும் என்ன உறவு என்று கேட்போர் உளர். நூறு பேர் கூடிப் பாடுகையில் எவர் குரலும் தனித்து ஆளாமல், எவர் குரலும் அடங்கி அழியாமல் இயங்குவதற்கு வேறென்ன பெயர் சூட்டுவது?

அச்சேறிய அவரது முதற்பாட்டு ‘லிண்டன் லீ’, 1902-இல் வந்தது. அதன் சொற்கள் வில்லியம் பார்ன்ஸ் எழுதியவை. அவர் டார்செட் வட்டார மொழியிலேயே கவிதை செய்தவர், பள்ளி ஆசிரியர். இலத்தீன், கிரேக்கச் சொற்களைக் களைந்து, ஆங்கிலத்தின் சொந்த வேர்களிலிருந்தே புதுச்சொல் படைக்க வேண்டும் என்று ஓயாது எழுதியவர். தூய ஆங்கிலம் நாடிய ஓர் ஆசிரியர் அங்கும் இருந்தார் என்று அறியும்போது நமக்கு ஒரு புன்னகை பிறக்கிறது. அதற்கு மேல் அதை இங்கே வளர்க்க வேண்டா. அந்தப் பாட்டின் மெட்டு நாட்டுப்பாடலைப் போலவே ஒலிக்கும். ஆனால் அது அவர் சொந்தப் படைப்பு. உண்மையான நாட்டுப்பாடலை உழவன் வாயிலிருந்து கேட்கும் வாய்ப்பு அதற்குப் பிறகே வாய்த்தது.

அந்த நிகழ்ச்சி சுவையானது. எசெக்ஸ் மாவட்டத்தில் பிரெண்ட்வுட் நகரில் நாட்டுப்பாடல்கள் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். நூல்களைப் படித்து ஆற்றிய சொற்பொழிவு! ஏட்டில் உள்ளதை எடுத்தோதி ஊதியம் பெறும் நம்மைப் போன்ற ஆசிரியர்க்கு இது சற்றே தைக்கும். கேட்டு மகிழ்ந்தவர்கள், அருகிலுள்ள இன்கிரேவ் என்னும் ஊரில் பாதிரியார் வீட்டுத் தேநீர் விருந்துக்கு அவரை அழைத்தனர். ஊர் முதியவர்களும் வந்தனர். சார்லஸ் பாட்டிஃபர் என்னும் உழைப்பாளி, எழுபது வயது கடந்தவர், அங்கே பாட மறுத்துவிட்டார். வேண்டுமானால் நாளை என் வீட்டுக்கு வாருங்கள் என்றார். கோப்பையும் தட்டும் குலுங்கும் கூடத்தில், கனவான்கள் கண்ணெதிரே காட்சிப்பொருளாக நிற்க அம்முதியவர் ஒப்பவில்லை. தன் குடிசையில், தன் நாற்காலியில், தான் விரும்பிய வேளையில் பாடினார். 1903 டிசம்பர் 4. பாடியது ‘புதர்களும் முட்செடிகளும்’ என்னும் காதற்பாட்டு.

அப்பாட்டைக் கேட்டபோது, என்றோ அறிந்திருந்த ஒன்றை மீண்டும் கண்டதுபோல் உணர்ந்தார் வாகன் வில்லியம்ஸ். இசைக்கல்லூரிகள் கற்பித்த மேஜர், மைனர் என்னும் இரு அமைப்பிலும் அடங்காத பழைய பண்முறை அது. எழுத்தறியாத முதியவரின் தொண்டையில் அது உயிரோடு இருந்தது. பேராசிரியர்கள் இசையற்ற நாடு என்ற பழிக்கு நாணித் தலைகுனிந்திருந்தபோது, இசை வயலில் இருந்தது, படகில் இருந்தது, மதுக்கடை மூலையில் இருந்தது. ‘புறா’ என்னும் உருக்கமான பிரிவுப் பாட்டை, சசெக்ஸ் மாவட்டத்து ரஸ்பர் ஊரில், மதுக்கடை நடத்திய பென்ஃபோல்டு என்பவரிடமே 1904-இல் குறித்துக்கொண்டார்.

இவ்வாறு 800-க்கு மேற்பட்ட பாடல்களைத் திரட்டினார். 1905 ஜனவரியில் நார்ஃபோக்கின் துறைமுக நகரான கிங்ஸ் லின்னுக்குச் சென்றார். நகரின் வடகோடி மீனவர் சேரி, குறுகிய முடுக்குகள், வறுமை. அங்கே கார்ட்டர் என்னும் மீனவர் ‘கப்பல் தலைவனின் பையன்’ என்ற பாட்டைப் பாடினார். பாட்டின் கதை என்ன? ஏழையர் விடுதியிலிருந்து தொழில் பழக ஒப்படைக்கப்பட்ட தந்தையற்ற சிறுவன். கடல் நடுவே அவனைக் கட்டிவைத்து வதைத்துக் கொன்ற கப்பல் தலைவன். கொன்றவனே ஒப்புக்கொண்டு பாடுவதாக அமைந்த பாட்டு. ஏழைப் பிள்ளைகளை அறச்சாலை என்ற பெயரில் அடைத்துவைத்து, செலவு குறையட்டும் என்று எவனிடமாவது தள்ளிவிட்ட ஒரு சமுதாயத்தின் மீது சாட்டப்பட்ட குற்றப்பத்திரிகை அப்பாட்டு! கரோலின் டேவிசன் என்பவர் இந்த ஒரு பாட்டின் வரலாற்றையே துருவி ஆராய்ந்து 2022-இல் முழுநூல் வெளியிட்டார்.

வாகன் வில்லியம்ஸ் அதை என்ன செய்தார்? 1906-இல் ‘நார்ஃபோக் ராப்சோடி’ என்னும் வாத்தியக் கோவையில் அம்மெட்டை வைத்தார். விடியற்காலக் கடலோரப் பனிபோல் நரம்புக்கருவிகள் மெல்ல ஒலிக்க, வயோலா தனித்து எழுந்து அம்மெட்டை இசைக்கும். அழகு, மறுப்பார் இல்லை. கேட்போர் கண்மூடிச் சுவைக்கின்றனர். ஆனால் அந்தச் சிறுவன் எங்கே? கட்டுண்ட கை எங்கே? கொலை எங்கே? மெட்டு வந்தது, சொல் கரையிலேயே நின்றுவிட்டது. ஓர் ஏழைக் குழந்தையின் மரணம், மேட்டுக்குடி மாலைப்பொழுதின் மென்காற்றாக மாறிவிட்டது.

இதை நாம் குறையென்றே சொல்கிறோம். தற்செயலாக நேர்ந்த குறையும் அன்று. பாட்டுத் திரட்டும்போதே மெட்டைத்தான் அவர் விழிப்போடு குறித்தார். சொற்களைப் பல பாடல்களில் ஓரடியோடு விட்டுவிட்டார். அச்சிட்ட தெருப்பாட்டுத் தாள்களில் சொற்கள் கிடைக்குமே, மெட்டுத்தானே முதியவர்களோடு அழிந்துபோகும் என்பது அவருக்காகப் பேசுவோரின் வாதம். பாதி உண்மை அதில் உண்டு. ஆயினும் கார்ட்டர் பாடியது தெருத்தாளின் சொல் அன்று. தன் ஊர்ப் பெயர்களையும் தன் ஊர்த் துயரையும் சேர்த்து அவர் வாய் சமைத்த சொல். மக்கள் மெட்டு அழகு, மக்கள் சொல் கரடு என்ற எண்ணம் அக்காலத் தொகுப்பாளர் பலரிடமும் குடிகொண்டிருந்தது. செசில் ஷார்ப் போன்றோர், வெளிப்படையான காதற்சொற்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கத்தரித்தே அச்சிட்டனர். பெர்சி கிரெய்ஞ்சர் ஒருவரே அன்று வேறு வழி சென்றார் எனலாம். 1906-இல் ஒலிப்பதிவுக் கருவியுடன் லிங்கன்ஷயருக்குச் சென்று, பாடியவனின் குரலையும், அவன் இழுத்த இழுப்பையும் அப்படியே பதிவு செய்தவர் அவர்.

இனி அந்தத் துதிப்பாடல் நூலுக்கு வருவோம். 1904-இல் பெர்சி டியர்மர் என்னும் பாதிரியார் நேரில் வந்து இசைப்பொறுப்பை ஏற்கும்படி வேண்டினார். இரண்டு மாத வேலை என்று ஏற்றது இரண்டாண்டு நீண்டது. நம்பிக்கையற்றவர் ஏன் ஏற்றார்? ஞாயிறுதோறும் இலட்சக்கணக்கான எளிய மக்கள் வாய்விட்டுப் பாடும் ஒரே இடம் அன்று ஆலயந்தான். அங்கே மலிந்திருந்த மெட்டுகளோ, கண்ணீரும் கற்கண்டும் கலந்த மலிவுச் சரக்கு. மக்கள் வாயில் மட்டமான இசையை ஊட்டுவது அறக்கேடு என்று அவர் கருதினார். ஆகவே வயலில் திரட்டிய மெட்டுகளை ஆலயத்துக்குள் அனுப்பினார். சசெக்ஸில் வெரல் என்னும் அம்மையார் பாடிய மாலுமி பிரிவுப்பாட்டின் மெட்டு, ஜான் பனியனின் யாத்திரிகர் பாட்டுக்கு உடையாயிற்று. சர்ரே மாவட்டத்தில் கேட்ட ‘உழவுச் சிறுவனின் கனவு’, கிறிஸ்து பிறப்புப் பாட்டுக்கு உடையாயிற்று. மெட்டுகளுக்கு அவை கிடைத்த ஊர்ப் பெயரையே சூட்டினார்: மாங்க்ஸ் கேட், ஃபாரஸ்ட் கிரீன், கிங்ஸ் லின்.

இந்தக் கிங்ஸ் லின் மெட்டுத்தான் நாம் முதலில் சொன்ன ஏழையின் மெட்டு. 1828-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இரவில் ஆயுதத்துடன் கூடி வேட்டையாடச் செல்வோரைப் பதினான்கு ஆண்டு வரை நாடு கடத்தலாம் என்றது. முயலும் கௌதாரியும் யாருடையவை? காட்டில் பிறந்தவை காட்டை வளைத்தவனுக்கே உடைமை என்றது சட்டம். பசித்தவன் கை வைத்தால் குற்றம். அக்குற்றத்துக்காக டாஸ்மேனியாத் தீவுக்குக் கடத்தப்பட்டு, மாடுபோல் ஏரில் பூட்டப்பட்டோரின் புலம்பலை லின் மீனவர் ஆண்டர்சன் பாடினார், வாகன் வில்லியம்ஸ் குறித்துக்கொண்டார், ஆலயத்துக்குத் தந்தார். அங்கே அதற்கு வாய்த்த சொற்கள் செஸ்டர்டன் எழுதியவை. ஆள்வோரின் தடுமாற்றத்தையும் பொன்னாசையையும் கண்டிக்கும் சொற்கள் என்பதால், மெட்டுக்கு முற்றிலும் பகையான சொல் அன்று. ஆனால் புலம்பல் வேண்டுதலாகிவிட்டது! யார் தன்னை விலங்கிட்டான் என்று விரல் நீட்டிச் சொன்ன வாய், இறைவா நீ பார்த்துக்கொள் என்று வானை நோக்கலாயிற்று. நம்பாதவர் ஒருவர் நம்பிக்கைக்குச் செய்த இந்தப் பேருதவியை எண்ணி நாம் சிரிப்பதா, சினப்பதா?

சினத்தை ஒருபுறம் வைத்து மறுபுறமும் காண வேண்டும். அந்த மெட்டுகள் தெய்வத் திருவருளால் பிறந்தவை என்று எவரும் சொல்ல இயலாதபடி, ஊர்ப் பெயர் அவற்றின் நெற்றியில் எழுதப்பட்டிருக்கிறது. பாடும் பக்தர், அறிந்தோ அறியாமலோ, மீனவர் சேரியின் பெயரைத் தாங்கிய மெட்டைப் பாடுகிறார். 1921-இல் அவரே இலத்தீன் பூசைப் பாடல் ஒன்றையும் குழுவுக்காக எழுதினார். நம்பாதவன் நல்ல பூசைப் பாடல் எழுதக்கூடாதா என்பது அவர் எண்ணம். எழுதலாம், எழுதியும் காட்டினார். அழகு என்பது ஆலயத்தின் தனிச்சொத்து அன்று என்பதற்கு அது ஒரு சான்றே.

குழுப்பாடலாக்கும் கலையில் அவர் வல்லமை எத்தகையது? பக்கத்துணைக் கருவி ஏதுமின்றி, பெண்களின் மேற்குரல், கீழ்க்குரல், ஆண்களின் மேற்குரல், கீழ்க்குரல் என நான்கு குரல்கள் ஒரே வேளையில் நான்கு வழி சென்று ஒன்றாய் இயைவது ஐரோப்பியக் குழுப்பாடல். ஒரே மெட்டில் ஊறிய நம் செவிக்கு முதலில் இரைச்சலாகவும் தோன்றும். 1913-இல் வெளிவந்த ‘ஐந்து ஆங்கில நாட்டுப்பாடல்கள்’ அந்தத் தயக்கத்தைப் போக்கும். அவற்றில் ஒன்று காதலனின் ஆவி பற்றியது. நெடுநாள் கழித்துக் கடலிலிருந்து பழைய காதலன் திரும்புகிறான். பேய்க்கதையா என்று நம் இளைஞர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. கடலில் போனவன் திரும்பாத வீடுகளில் பிறந்த கற்பனை அது. மற்றொன்று குளிர்கால வாழ்த்துப்பாட்டு. பண்ணையாட்கள் கிண்ணம் ஏந்தி வாயில் வாயிலாகச் சென்று, எசமானின் எருதுக்கு வாழ்த்துக் கூறி, நல்ல மது கேட்பர். மட்டமானதை ஊற்றி ஏய்க்கப் பார்த்தால் நடப்பது வேறு என்ற எச்சரிக்கையும் உண்டு! கூலியாள் ஆண்டுக்கொருநாள் எசமான் வாயிலில் நின்று குரல் உயர்த்தும் உரிமை அது. இங்கே சொல் விடப்படவில்லை. சொல்லும் மெட்டும் சேர்ந்தே வந்தன. அதனால்தான் நூறு குரலும் ஒரு கூட்டம் நடந்து வருவது போலவே கேட்கிறது. ‘புறா’வில், தனிக்குரல் முன்னே செல்லக் குழு பின்னே மெல்லச் சேரும். பென்ஃபோல்டின் குரலுக்கு மரியாதை செய்து ஒதுங்கி நிற்பதுபோல அக்குழு நிற்கிறது. அவர் செய்த நாட்டுப்பாடல் அமைப்புகளில் இதற்கே நாம் முதலிடம் தருவோம்.

பாடுவோர் யார்? கட்டணம் வாங்கும் வித்துவான்கள் அல்லர். சர்ரே மாவட்டத்தில் அவர் தமக்கை மார்கரெட்டும் பிறரும் தொடங்கிய லீத் ஹில் இசை விழாவுக்கு 1905 முதல் 1953 வரை அவரே குழுநடத்துநர். கடைக்காரர், தோட்டக்காரர், வீட்டுவேலை செய்யும் பெண் எல்லாரும் அடங்கிய சிற்றூர்க் குழுக்கள் பகலில் போட்டியிட்டு, மாலையில் ஒன்றாய் நின்று பாடும் விழா. உலகப் புகழ் வந்த பின்னும் 48 ஆண்டுகள் அக்குழுக்களை ஒத்திகை பார்த்துத் திருத்தினார். வீரத்திருமகன் பட்டம் வேண்டா என மறுத்தவர், இந்தப் பணியை விடவில்லை.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. 1903-இல் இங்கிலாந்து மக்களில் பெரும்பாலோர் வயலிலா இருந்தனர்? நகரத்தில், ஆலையில், சுரங்கத்தில் இருந்தனர். நெசவாலைப் பெண்ணும் நிலக்கரி வெட்டியவனும் பாடவில்லையா? பாடினர். தொகுப்பாளர் செவி அங்கே செல்லவில்லை. கறைபடியாத சிற்றூர் ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு, ஆலைப்புகை படிந்த பாட்டைப் பாட்டென்றே மதியாமல் விட்டனர். டேவ் ஹார்க்கர் 1985-இல் எழுதிய நூல், இத்தொகுப்பாளர்களை உழைப்பாளர் சொத்தைத் தம் வகுப்புக்கேற்பத் திரித்தவர்கள் என்று கடுமையாகச் சாடியது. வாகன் வில்லியம்ஸ் வரையில் அக்கடுமை முழுதும் பொருந்தாது என்பதே நம் கருத்து. பெற்றதைத் தனக்கென வைத்துக்கொண்டவர் அல்லர் அவர். ஆனால் சுரங்கத்தின் வாயிலில் அவர் நிற்கவில்லை என்பதையும் மறைக்க இயலாது.

முதுமையில் அவர் நடந்துகொண்ட முறை அவருக்காகப் பேசுகிறது. 1940-இல், போர் மூண்ட நாளில், ‘போர்க்காலத்தில் பாட ஆறு குழுப்பாடல்கள்’ எழுதினார். சொற்கள் யாருடையவை? அரசவைப் புலவருடையவை அல்ல, போதகருடையவை அல்ல. கடவுள் மறுப்பின் தேவை பற்றித் துண்டுநூல் வெளியிட்டதற்காக 1811-இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து விரட்டப்பட்ட ஷெல்லியின் சொற்கள்! அடுத்த ஆண்டு, பொதுவுடைமையாளரான ஆலன் புஷ் என்னும் இசைவாணரின் படைப்புகளை, அவருடைய அரசியல் காரணமாக பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது. அதே நிறுவனம் வாகன் வில்லியம்சிடம் ஒரு நாட்டுப்பற்றுக் குழுப்பாடலை வேண்டிப் பெற்றிருந்தது. புஷ்ஷின் கொள்கை எனக்கு உடன்பாடன்று, ஆயினும் கொள்கைக்காக ஒருவன் இசையை ஒடுக்குவதை ஏற்கேன் என்று கூறித் தம் பாடலைத் திரும்பப் பெற்றார். தடை அவ்வாண்டே நீங்கியது.

1958 ஆகஸ்ட் 26-இல் மறைந்தார். அதற்கு முன் அவர் கை வைத்த பணிகளில் ஒன்று, ஏ. எல். லாய்டுடன் சேர்ந்து தொகுத்த ஆங்கில நாட்டுப்பாடல் நூல். பெங்குவின் வெளியீடாக 1959-இல் வந்தது. லாய்டு பொதுவுடைமையாளர், 1952-இலேயே சுரங்கத் தொழிலாளர் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டவர். இந்நூலில் பக்கத்துணை இசை இல்லை, அலங்காரம் இல்லை. மெட்டு, முழுச்சொல், பாடியவர் பெயர், ஊர். சொல் குறைந்த இடத்தில் பிற வடிவங்களிலிருந்து நிரப்பியிருக்கிறார்கள். ஓடிப்போன படைவீரன் பாட்டும் உண்டு, சிறைப்பாட்டும் உண்டு. ஐம்பதாண்டுக்கு முன் கரையில் நின்றுவிட்ட சொல், இங்கே மெட்டோடு கைகோத்து வருகிறது.

கேட்க விரும்பும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம். ‘நார்ஃபோக் ராப்சோடி’யை முதலில் கேட்க வேண்டா. 1908-இல் கீழ்மாவட்டப் பாடல்கள் என்று அவர் வெளியிட்ட தொகுப்பில், ‘கப்பல் தலைவனின் பையன்’ சொற்களோடு, ஒற்றைக் குரலுக்கும் பியானோவுக்குமாக அமைந்திருக்கிறது. அதை முதலில் கேளுங்கள். சிறுவனின் கதை முழுதும் செவியில் ஏறிய பின், வயோலா தனித்தெழும் அந்த இடத்துக்குச் செல்லுங்கள்.